சுவர் தட்டும் அக்கா

அக்காவை நான் முதன்முதலில் முழுசாகப் பார்க்கவில்லை. ஒரு கண்ணை மட்டும்தான் பார்த்தேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து வந்த நாலாம் நாள். என் கணவர் அனல்மின் நிலையத்தில் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த மூட்டைகளில் பாதி பிரிக்காமல் கிடந்தன. புளிக்குழம்பைக் கொதிக்கவிட்டு அப்பளம் தேடிக்கொண்டிருந்தேன். சமையலறைச் சுவரில் டொக் டொக்கென்று சத்தம். எலி என்று நினைத்தேன். காரை உதிர்ந்தது. எலிக்கு இவ்வளவு பலம் இருக்காதே என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஒரு கடப்பாரையின் முனை சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கியது. அது போன ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது.

"பயந்துட்டியா?" என்று ஓட்டை கேட்டது.

கரண்டியை ஓங்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனேன்.

"பக்கத்து வூடுதான். உன் கொழம்பு வாசன நாலு நாளா வாசல் வழியா சுத்திகினு வருது. அது எதுக்கு வெயில்ல சுத்தணும், நேராவே வரட்டுமேன்னுதான்."

சாயங்காலத்துக்குள் அந்த ஓட்டை ஒரு கிண்ணம் நுழைகிற அளவுக்கு அகலமாகிவிட்டது. புளிக்குழம்பு அந்தப் பக்கம் போனது. வறுத்த முந்திரியும் கருவாட்டுத் தொக்கும் இந்தப் பக்கம் வந்தன. என் கணவர் வீட்டுக்கு வந்து ஓட்டையைப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. வீடு கம்பெனியுடையது. சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் சிவில் ஆபீஸில் எழுதிக்கொடுத்துவிட்டு அடிக்க வேண்டும். என் பக்கத்தில் ஒரு பெரிய காலண்டரை மாட்டி ஓட்டையை மறைத்தோம். பதினெட்டு வருஷம் மறைத்தோம். வருஷா வருஷம் காலண்டர்தான் மாறியது.

அக்காவுக்குச் சுவரைக் கண்டால் கை சும்மா இருக்காது. விரலை மடக்கி முட்டியால் தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். பழுத்துவிட்டதா என்று பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற பண்ருட்டி வியாபாரியின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும்போது தட்டுவார். பேங்கில் தட்டி, காவலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறார். குள்ளஞ்சாவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மண்டபத்துச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். ஏதோ பெரிய விஷயம் என்று அவர் பதறிக்கொண்டு வந்தார்.

"மேடைக்குப் பின்னாடி இருக்குறது செவுரு இல்லீங்க, பலகை. சுண்ணாம்பு பூசி வெச்சிருக்கான். மாப்பிள்ளய சாய வாணான்னு சொல்லுங்க."

ஏன் இப்படி என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்வார். கணவரிடம் காற்று வரவேண்டும் என்பார். சிவில் ஆபீஸ்காரரிடம் சுவரில் ஓதம் ஏறுகிறது என்பார். என்னிடம் சொன்னதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. "அந்தாண்ட இன்னா நடக்குதுன்னு தெரியாம எப்பிடி தூங்கறது தங்கச்சி?"

சிவில் ஆபீஸிலிருந்து ஒரு ஜே.ஈ., அதாவது ஜூனியர் இன்ஜினியர், மழைக்கு முன்னால் வீடுகளைப் பார்த்துவிட்டுப் போக வருவார். புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர், கையில் ஒரு நோட்டு. ஒரு நாள் என் சமையலறைக்குள் வந்து மேலே விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் போடவில்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. காலண்டர் மட்டும் ஆடியது.

"எங்கேருந்தும்மா காத்து வருது?" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காலண்டரைத் தள்ளிக்கொண்டு சுவரிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. கையில் ஒரு டம்ளர் மோர். கொத்தமல்லி தூவியிருந்தது.

"புடி. பெருங்காயம் போட்டிருக்குது, சரியா இருக்குதான்னு பாரு" என்றது சுவர்.

நான் அசையவில்லை. ஜே.ஈ.யும் அசையவில்லை. கை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது. "புடிடி, கை வலிக்குது" என்றது. அந்தப் பையன் என்ன நினைத்தாரோ, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டம்ளரை வாங்கிக் குடித்தார். குடித்து முடித்து, "பெருங்காயம் கொஞ்சம் கம்மிங்க" என்றார்.

கை சட்டென்று சுவருக்குள் போய்விட்டது. அங்கிருந்து, "யாருங்க அது?" என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

"சிவில் ஆபீஸ்."

"அப்ப இன்னும் ஒரு டம்ளர் குடுக்கறேங்க."

அடுத்த முறை வருவதற்குள் அடைத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அவர் போனார். அக்கா அட்டை வைத்து, மேலே சுண்ணாம்பு பூசி அடைத்தார். ஜே.ஈ. வந்து பார்த்துவிட்டுப் போனதும் அட்டையை எடுத்துவிட்டார். ஜே.ஈ.க்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தட்டிப் பார்க்காமலே போனார்.

எல்லோருக்கும் இது பிடித்ததென்று சொல்ல மாட்டேன். பின்பக்க வேலியில் ஒரு முறை நாலு வீட்டுக்கும் பொதுவாக ஒரு வழி வெட்டினார். ரோட்டைச் சுற்றாமல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகலாம். மூன்று வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம். நாலாவது வீட்டம்மா மறுநாளே முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். அவர்கள் வீட்டில் பையனுக்கும் அப்பாவுக்கும் தினமும் சண்டை. அது ஊருக்குத் தெரிவதில் அவருக்கு இஷ்டமில்லை. அக்காவிடம் ஆறு மாதம் பேசவில்லை. நான் வருத்தப்பட்டேன். அக்கா படவில்லை. "அடைக்கிறதும் ஒரு பேச்சுதான். வாணாங்குறாங்க, அவ்ளோதான்" என்றார். ஆனால் அந்த முள்ளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அதை நான் கவனித்திருக்கிறேன்.

அக்கா பிறந்த ஊர் இப்போது இல்லை. அவருக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும்போது சுரங்கத்துக்குப் போய்விட்டது. இந்தப் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற நாலு பேரில் ஒருவருக்கு அப்படி ஒரு ஊர் இருக்கும். அக்கா அதையும் கேலியாகத்தான் சொல்வார். அவர் கணவருக்கு மைன்ஸில் வேலை. மண்ணை வெட்டுகிற அந்த ராட்சதச் சக்கர மெஷினுக்கு மெக்கானிக். "எங்க ஊர தோண்டுன மெஷினுக்கு எண்ண போடறவராப் பாத்து என்ன கட்டி வெச்சாங்க. அவரு அங்க வெட்டறாரு, நான் வூட்டுல வெட்டறேன்" என்பார். கணவர் சிரிக்கவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். பேச்சே கிடையாத மனிதர். பழைய மெஷின்களில் ஜெர்மன் மொழியில் தகடு அடித்திருப்பார்களாம். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு நாலைந்து ஜெர்மன் வார்த்தைகள் மனப்பாடம். எச்சரிக்கை, நிறுத்து, எண்ணெய், கையை வைக்காதே. எச்சரிக்கைக்கு 'அக்துங்' என்று வருமாம். பிற்காலத்தில் அந்த வார்த்தை ரொம்ப உதவியாக இருந்தது.

அவர் ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். ஒப்படைப்பதற்கு முன்னால் எல்லா ஓட்டைகளையும் அடைக்க வேண்டியிருந்தது. ஒன்றா இரண்டா, ஏழு. என் சமையலறை ஓட்டையை அக்காவே செங்கல் வைத்து அடைத்தார். கடைசிச் செங்கல்லை வைப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலும் நின்றோம். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"கண்ண தொடச்சிக்க. சிமெண்ட்டுல உப்புத் தண்ணி பட்டா நிக்காது" என்றார்.

வடலூரில் வாடகைக்கு வீடு பார்த்துப் போனார்கள். அங்கே வீட்டுக்காரர் மேல்மாடியிலேயே இருந்ததால் அக்காவின் கைக்கு வேலை இல்லை. தட்டிப் பார்ப்பதோடு சரி. "ஒத்தக்கல் செவுரு. நான் தும்முனாலே வுழுந்துடும். இதுல இன்னாத்த வெட்டறது?" என்று போனில் புலம்புவார்.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியில் இருந்த மகள் வீடு வாங்கியதாகச் செய்தி வந்தது. அக்காவுக்கு ஒரே மகள். காற்றாலை கம்பெனி ஒன்றில் இன்ஜினியர், மாப்பிள்ளையும் அதே கம்பெனி. நகரத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு கிராமத்தில் பழைய செங்கல் வீட்டை வாங்கியிருந்தார்கள். சனி ஞாயிறுகளில் தாங்களே பழுது பார்க்கிறார்கள். தரையெல்லாம் பெயர்த்துப் போட்டிருக்கிறது. சமையலறை இருட்டு. உதவிக்கு அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் வந்துவிட்டுப் போகட்டும் என்று டிக்கெட் அனுப்பினாள்.

போன மறுநாளே அக்கா வீடியோ காலில் வந்தார். ஸ்வெட்டருக்கு மேல் சேலை, தலையில் மாப்பிள்ளையின் கம்பளித் தொப்பி.

"தங்கச்சி, இவ இன்னா பண்ணியிருக்கா தெரியுமா? இவ்ளோ தூரம் ஏரோப்பிளேன்ல இட்டாந்து மறுபடியும் மைன்ஸ் ஓரத்துலயே எறக்கி வுட்டிருக்கா!"

போனைத் திருப்பிக் காட்டினார். வீடுகள் முடிகிற இடத்தில் ஒரு வயல். வயலுக்கு அப்புறம் பூமி இல்லை. பெரிய பள்ளம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். மகள் பின்னாலிருந்து விளக்கினாள். சுரங்கம் கிராமத்தைத் தின்பதாக இருந்தது. ஊர்க்காரர்களுக்கு நட்ட ஈடு கொடுத்து, வேறிடத்தில் மனை கொடுத்து, முக்கால்வாசிப் பேரை அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கரியே வேண்டாம் என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. சுரங்கம் ஊரின் ஓரத்தோடு நின்றுவிட்டது. காலியான வீடுகளை இப்போது விற்கிறார்கள்.

அக்கா இதைக் கேட்டுக்கொண்டே அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மகளைக் கேட்டார்.

"வூட்டுல எத்தன சன்னலு?"

"அம்மா, ஒரு செங்கல்லத் தொடக் கூடாது. இங்க எல்லாத்துக்கும் அனுமதி வாங்கணும். ஜன்னலுக்கு என்ன பெயிண்ட்டுன்னுகூட எழுதிக் கேக்கணும்."

"அப்ப இதுவும் குவார்ட்டர்ஸ்தானா?" என்றார் அக்கா.

பக்கத்து வீடு ஒட்டிய வீடு. நடுவில் ஒரே சுவர். அதில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். ஊரே போனபோதும் போக மாட்டேன் என்று கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்தவர். புதிதாக வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. தான் கட்டிக் காத்த ஊரில் இவர்கள் வந்து சல்லிசாக வீடு வாங்கிவிட்டார்கள் என்ற கோபம். அக்காவின் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரில்லை எடுத்துக் கதவுக்குக் கீல் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அங்கே சத்தம் போடக் கூடாதாம். பெரியவர் வாசலுக்கு வந்து சிவந்த முகத்துடன் கத்தினார். நம் மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டு, "அக்துங்" என்றார்.

அன்றிலிருந்து பெரியவர் அவரைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொள்வார். மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

இரண்டாவது மாதம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா இருட்டுச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு இருந்தார். சுவரைத் தட்டினார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. மறுபடியும் தட்டினார். அவர் பிறகு என்னிடம் சொன்னது இது: "அது கட்டுன செவுரு இல்ல தங்கச்சி. கோவத்துல அடுக்கி வெச்ச செங்கல்லு. தட்டுனாலே தெரிஞ்சிடும்." கணவரிடம் சொன்னார். கணவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அக்கா கடப்பாரையைக் கேட்டார். அவர் கொடுக்கவில்லை. அக்கா குழவி மாதிரி இருந்த ஏதோ ஓர் இரும்பை எடுத்து ஓங்கினார். காரை உதிர்ந்தது. உள்ளே சுண்ணாம்பே சரியாக வைக்காத செங்கல். இரண்டாவது அடியில் ஒன்று அந்தப் பக்கம் போய் விழுந்தது. மூன்றாவது அடியில் அஞ்சாறு சேர்ந்து விழுந்தன.

புழுதி அடங்கியது. அந்தப் பக்கத்தில் பெரியவர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ரொட்டி, இன்னொரு கையில் நீளமான கத்தி. ரொட்டியில் செங்கல் தூள். அப்படியே எழுந்து நின்றார்.

"வணக்கங்க" என்றார் அக்கா.

அக்காவின் கணவர் பின்னாலிருந்து, "அக்துங்!" என்று கத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சரியான இடத்தில் சொன்னார்.

பெரியவர் கத்தியை மேஜையில் வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். அக்காவைப் பார்க்கவில்லை. விழுந்த செங்கல்லையும் பார்க்கவில்லை. ஓட்டைக்கு மேலே செங்கல்லுக்குள் ஒரு மரக்கட்டை குறுக்கே தெரிந்தது, கதவு நிலையின் மேல்கட்டை. அதை விரலால் தொட்டார். அப்புறம் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா இதை முதல் தடவை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. அதற்கு முன் மூன்று நாள் போனே செய்யவில்லை. மகள் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். பொதுச் சுவரை இடித்தது அங்கே சின்னக் குற்றம் இல்லை. பெரியவர் ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தால் வீட்டுவேலை முழுக்க நின்றுபோகும். டிக்கெட்டை முன்கூட்டியே மாற்றி இரண்டு பேரையும் ஊருக்கு அனுப்புவதாக மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தது அக்காவின் காதிலும் விழுந்திருக்கிறது.

"கம்பெனி வூட்டுல வெட்டுனேன், ஆச்சு. இது எம் பொண்ணு வாயக் கட்டி வயித்தக் கட்டி வாங்குன வூடு. எனக்கு அறிவு வாணாமா?" என்றார். திரையில் அவர் முகம் சின்னதாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அக்கா தன்னைத் தானே திட்டிக்கொண்டதை அன்றுதான் கேட்டேன். அவர் செய்தது தப்புதான்.

மகள் கேக் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனாள். ஒரு வாரத்தில் கொத்தனாரை வைத்து அடைத்துவிடுகிறோம், மன்னித்துவிடுங்கள் என்றாள். பெரியவர் கேக்கை வாங்கிக்கொண்டார். அடைக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வரை அப்படியே இருக்கட்டும் என்றார். காரணம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் ஓட்டைக்கு ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அக்கா அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வயதான அம்மாள் ஊன்றுகோலோடு டாக்சியில் வந்து இறங்கினார். பெரியவர் சொல்லியனுப்பி வந்த தங்கை. மகள் வாங்கியிருந்த வீடு அந்த அம்மாளுடையதாக இருந்த வீடு. ஒரே பண்ணைவீட்டை அண்ணனும் தங்கையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, நடுவில் ஒரு கதவை விட்டிருந்தார்கள். சுரங்கத்துக்காரர்கள் வந்தபோது தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே அண்ணன் கதவைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் செங்கல் அடுக்கியிருக்கிறார். பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை.

அந்த அம்மாள் வந்து, தான் ஒரு காலத்தில் சமைத்துக்கொண்டிருந்த சமையலறையில் நின்று, போர்வையை விலக்கினார். அந்தப் பக்கம் அண்ணன் நின்றார். நல்ல காட்சி, கட்டிப்பிடித்து அழப்போகிறார்கள் என்று மகள் போனை எடுத்திருக்கிறாள். அவர்கள் சண்டை போட்டார்கள். ஒன்றரை மணி நேரம். தங்கை ஊன்றுகோலால் தரையில் குத்தினார். அண்ணன் மேஜையைத் தட்டினார். அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சமிருந்த செங்கல் திட்டின்மீது இரண்டு டம்ளர் காபி வைத்தார். இரண்டு பேரும் குடித்தார்கள். குடித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

"ஒரு வார்த்த புரியல தங்கச்சி. ஆனா ஒண்ணு வுடாம புரிஞ்சிது" என்றார் அக்கா.

"எப்படிக்கா?"

"எங்க அப்பா கையெழுத்து போட்டாரு. எங்க பெரியப்பா போடல. எங்க வூட்டு வாசல்ல இதே சண்டதான். 'நீ போட்டதாலதான் ஊரு போச்சு'ம்பாரு பெரியப்பா. 'போடலேன்னா மட்டும் வுட்டுட்டானா'ம்பாரு அப்பா. கடசீ வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கல. அப்பா செத்ததுக்குக்கூட பெரியப்பா வர்ல. எங்களுக்கு செவுரு ஒண்ணுகூட மிஞ்சல, இடிச்சி எட்டிப் பாக்கறதுக்கு."

இருபது வருஷம் பழகியவர். இதை அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

தங்கை சாயங்காலம் போகும்போது அண்ணன் டாக்சி வரைக்கும் போய்க் கதவைத் திறந்துவிட்டாராம். சமாதானம் ஆகிவிட்டார்களா என்று கேட்டேன். "இல்ல. அடுத்த வாரம் வந்து மிச்சத்த போடறேன்னு சொல்லிட்டுப் போவுது" என்றார் அக்கா.

அந்த ஓட்டைக்கு முறையாக அனுமதி கேட்டு எழுதியவர் பெரியவரே. பழைய கதவு இருந்த இடம், திரும்ப வைக்கிறோம் என்று எழுதினாராம். கதவைத் தன் கொட்டகையிலிருந்து அவரே தூக்கிக்கொண்டு வந்தார். பெயர்த்தவர் எறியாமல் வைத்திருந்திருக்கிறார். அக்காவின் கணவர் அதற்கு எண்ணெய் போட்டார். அந்த வேலையைச் செய்யும்போது இரண்டு ஆண்களும் பேசிக்கொண்டதெல்லாம் 'எண்ணெய்', 'நிறுத்து' என்ற இரண்டு வார்த்தைகள்தான். அது போதுமானதாக இருந்தது. அனுமதிப்படி தாழ்ப்பாள் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். பெரியவர் தன் பக்கத்துத் தாழைப் பகலில் போடுவதில்லையாம். அக்கா தன் பக்கத்தில் தாழே வைக்கவில்லை. அனுமதியில் அப்படி இல்லையே என்று மகள் கேட்டதற்கு, "மறந்துட்டேன்" என்றாராம்.

அதிலிருந்து அக்கா வருஷத்தில் இரண்டு தடவை போகிறார். விசா கொடுக்கிற மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறையாமல் இருந்துவிட்டு வருவார். பெரியவரின் தோட்டத்தில் கொத்தவரை போட்டு, குளிரில் கருகிப்போய், மறுபடியும் போட்டிருக்கிறார். ரொட்டி வண்டி வருகிற நாளில் ஊர்ப் பெண்களோடு வரிசையில் நின்று, தமிழிலேயே பேசி, மீதி வாங்கிக்கொண்டு வருகிறார். அந்த ஊரில் திரும்ப வந்து குடியேறியவர்கள் வீட்டுக்கு வீடு ஏதாவது கட்டிக்கொண்டோ இடித்துக்கொண்டோ இருக்கிறார்கள். சுவர் தட்டிப் பார்த்துச் சொல்வதற்கு அக்காவைக் கூப்பிடுகிறார்களாம். இதை மட்டும் நான் பாதிதான் நம்புகிறேன்.

போன வருஷம் அக்கா அங்கே இருந்தபோது வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும் என்றார். கணவர் பழைய ஜன்னல் பலகையை அறுத்து இழைத்துக் கொடுத்தார். அக்கா தமிழில் எழுதினார், கீழே மகள் அவர்கள் எழுத்தில் எழுதினாள். நாவக்குப்பம். அக்கா பிறந்த ஊர். பெரியவர் வந்து, இது என்ன என்று மகளைக் கேட்டார். அம்மாவின் ஊர் என்றாள். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்றார். மகள் அந்தப் பக்கம் கையைக் காட்டினாள், வயலுக்கு அப்பால், பள்ளத்தை. பெரியவர் அக்காவைப் பார்த்தார். தன் வீட்டுக்குள் போய் நாலு திருகாணியும் டிரில்லும் எடுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தெருவே கேட்கிற சத்தத்தில் அவரே துளை போட்டுப் பலகையை மாட்டினார்.

இந்தத் தையில் என் மகளுக்குக் கல்யாணம் வைத்தோம். முதல் பத்திரிகையை அக்காவுக்குத்தான் அனுப்ப வேண்டும். அப்போது அவர் அங்கே இருந்தார். வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது, தபாலில்தான் வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். பெயருக்குக் கீழே ஊரின் பெயரை எழுத வேண்டும், அப்புறம்தான் தெரு, நம்பர் எல்லாம் என்றார். அப்படியே எழுதினேன்.

தபால் ஆபீஸில் கவுண்டரில் இருந்தவர் இந்தப் பக்கத்துக்காரர். உறையை எடைபோட வைத்தவர் முகவரியைப் படித்துவிட்டுத் திரும்ப எடுத்தார்.

"அம்மா, நாவக்குப்பம்னு போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க."

"அது மைன்ஸுக்குப் போயி எத்தினி வருசம் ஆச்சு. எங்க பெரியம்மாவ குடுத்த ஊருங்க."

"இப்ப ஜெர்மனியில இருக்குங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகவரியை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். பிறகு முத்திரையை எடுத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓங்கிக் குத்தினார்.

பதிமூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்கவில்லை.

"போஸ்ட்மேனு கவர படிச்சான். பலகைய பாத்தான். ஒரு கேள்வி கேக்காம குடுத்துட்டுப் போறான்" என்றார். மூச்சு வாங்கியது, வாசலிலிருந்து ஓடிவந்திருப்பார் போல.

"எங்க ஊருக்கு லெட்டரு வந்திருக்குது, தங்கச்சி."